பாடகர்கள் ஏன் வயலுக்கு ஓடிப்போனார்கள்?



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து நான் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தபோது, நம் சபையைச் சேர்ந்த ஒரு தகப்பனும் தாயும் உள்ளே வந்து நின்றார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். செவிலியர் படிப்புக்கு இடம் கிடைக்கும் என்று உறவினர் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவளோ கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்க வேண்டும் என்று மூன்று வாரமாகப் பிடிவாதமாக இருக்கிறாளாம். "நீங்கதாங்க ஐயா அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் தாய். நான் வாய் திறக்குமுன், மேசையில் காணிக்கையை எண்ணிக்கொண்டிருந்த மூப்பர் ஒருவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "இது உலகப் புகழைத் தேடுகிற ஆவிம்மா. ஜெபிச்சா போயிடும்."

நான் பேசாமல் நின்றேன். அவர் வயதில் என்னிலும் மூத்தவர். இந்த ஆலயத்தின் சுவர் எழும்பியபோது தோளில் மணல் சுமந்தவர். பிறர் முன்னிலையில் அவரை மறுப்பது முறையன்று என்று எண்ணினேன். ஆயினும் அந்த மௌனம் வாரம் முழுவதும் என்னை உறுத்திற்று. புதன்கிழமை அவரைத் தனியே சந்தித்து, "நீங்கள் சொன்னதை மறுத்து எழுதப்போகிறேன்" என்றேன். "எழுதுங்க ஐயா, நானும் பதில் சொல்றேன்" என்றார். அவ்வாறே எழுதுகிறேன். அவர் சொன்னது அவருடைய கருத்து மட்டுமானால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. நம்மில் பெரும்பாலோர் அதை உள்ளத்தில் வைத்திருக்கிறோம். அவர் மறைக்காமல் சொன்னார், அவ்வளவே. அந்தக் கருத்து தவறானது.

முதலில் புகழைப் பற்றி. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? பேருந்தில் ஆயிரம் முறை கடந்திருப்போம். அங்கே நம் வட்டாரத்து நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்டவனுக்கு ஒரு கல். புலியோடு பொருது மாண்டவனுக்கு ஒரு கல். வில்லை வளைத்த கை, இடையில் குறுவாள், சில கற்களில் காலடியில் மாடுகள். எழுத்துள்ள கற்களில் எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் வீரன், எந்தப் பூசலில் பட்டான் என்ற செய்தி இருக்கிறது. பல்லவர் காலத்து எழுத்துகளும் அவற்றில் உண்டு. அந்தக் கல்லைச் செதுக்கியவன் யார்? நான் நின்று பார்த்தவற்றுள் ஒன்றிலேனும் அவன் பெயர் இல்லை. மாண்டவன் பெயர் நிற்கிறது, மன்னன் பெயர் நிற்கிறது. உளி பிடித்தவன் பெயர் மறைந்துபோயிற்று. அவன் தன் பெயரையும் ஓர் ஓரத்தில் பொறித்திருக்கலாம். உளி அவன் கையில்தானே இருந்தது?

இன்னொன்றும் சொல்கிறேன், இது என் சிறுவயது இரகசியம். நான் வளர்ந்த ஊரில் கோடையில் பாரதக் கூத்து நடக்கும். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது என் தகப்பனாரின் கட்டளை. நான் போனேன். களத்துக்குள் போகவில்லை, தொலைவில் இருந்த புளியமரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம் கோழி கூவும்வரை ஓயாது. முகத்தில் அரிதாரம், தோளில் கட்டை, காலில் சலங்கை. ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும். விடிந்ததும் அதே கர்ணன் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு, அடுத்தவர் கொல்லையில் கூலி வேலைக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். கடைசி நாள் படுகளத்துக்கென்று துரியோதனனை மண்ணால் செய்வார்கள். ஆள் படுத்தாற்போல அன்று; பல ஆட்களை நீளவாக்கில் அடுக்கினாற்போல அத்தனை பெரிய உருவம். கண், மீசை, மார்பின் அணிகள், ஒன்றும் விடாமல் வண்ணம் தீட்டியிருப்பார்கள். அன்றைக்கே அது சிதைந்து மண்ணாகிவிடும். அந்த வழிபாட்டில் எனக்குப் பங்கில்லை. அதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் நாளை மிதிபடப்போகும் மீசைக்கு ஒருவன் இவ்வளவு பொறுமையாக வளைவு கொடுத்தானே, அவனைப் பார்த்துப் புகழாசை பிடித்தவன் என்று சொல்ல எனக்கு நா எழாது.

புகழை வேண்டுவோர் இல்லாமல் இல்லை. கைப்பேசியில் முப்பது விநாடி ஆடிவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மணிக்கொரு தரம் எண்ணுகிற பிள்ளைகள் நம் சபையிலும் உண்டு. அவர்களை நான் கண்டித்தும் இருக்கிறேன். ஆனால் அந்த நோய் கலைக்கு மட்டும் உரியதா? மருத்துவர் பட்டத்தை வாசற்பலகையில் பெரிதாக எழுதிப் பார்க்க விரும்பும் பெற்றோருக்கு இருப்பது என்ன ஆசை? மேடையில் நிற்கும் போதகனுக்கு அந்த ஆசை இல்லையா? என்னைக் கேட்டால், இருக்கிறது என்பேன். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஒருபோதும் நாம் "இது புகழைத் தேடும் ஆவி" என்று கைவைத்து ஜெபித்ததில்லை.

அப்படியானால் மனிதர் ஏன் இந்தத் தொழிலைத் தேர்ந்துகொள்கிறார்கள்? விடையை நான் ஒரு புத்தகத்திலும் தேடவில்லை. நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு விரிகிறது. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் இடம். 1993-ஆம் ஆண்டு மருத்துவர் ரெஜி ஜார்ஜ், மருத்துவர் லலிதா என்னும் தம்பதியர் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்று இன்று நாடறிந்த நிறுவனம் அது. மருத்துவத்தைப் பற்றி இன்னொரு வாரம் எழுதலாம். நான் சொல்ல வருவது ஊசியையும் நூலையும் பற்றியது.

லம்பாடி மக்கள் ஒரு காலத்தில் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகச் சென்றவர்கள். அவர்களுடைய பெண்கள் பாவாடையிலும் இரவிக்கையிலும் முக்காட்டிலும் வண்ண நூலால் பூத்தையல் போட்டு, கண்ணாடிச் சில்லும் சோழியும் நாணயமும் வைத்துத் தைத்து அணிந்தார்கள். சிட்லிங்கித் தாண்டாக்களில் காலம் மாறிற்று. பெண்கள் சேலைக்கு வந்தார்கள். பழைய உடை போயிற்று; உடையோடு தையலும் போயிற்று. பிழைப்புக்காகக் குடும்பங்கள் திருப்பூர் ஆலைகளுக்குப் போயின. மருத்துவர் லலிதா இதைப் பற்றி விசாரித்தபோது, அந்தத் தையலைக் கையில் மறவாமல் வைத்திருந்தவர்கள் இரண்டு மூத்த பெண்கள் மட்டுமே. அவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதிலிருந்து போர்கை என்னும் கைவினைஞர் அமைப்பு எழுந்தது. லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். பள்ளத்தாக்கின் உழவர்கள் இரசாயனம் இடாமல் விளைவித்த பருத்தியிலான துணியில் இன்று அந்தப் பெண்கள் தைக்கிறார்கள்; பெருநகரங்களில் அது விற்பனையாகிறது.

இந்தச் செய்தியில் இரண்டு பாதிகள் உண்டு; இரண்டையும் நாம் பார்க்க வேண்டும். அந்த இரண்டு பெண்கள் தையலை மறவாதிருந்த ஆண்டுகளில் அதற்குச் சந்தை இல்லை, கூலி இல்லை, பாராட்டுவார் இல்லை, அணிவாரும் இல்லை. ஆயினும் விரல்கள் அதை விடவில்லை. அது ஏன் என்று கேட்டால், வைத்தவர் வைத்தார் என்றுதான் நான் சொல்வேன். இது முதற்பாதி. ஆனால் அந்த இருவரோடு அது மண்ணுக்குள் போயிருக்கும். அடுத்த தலைமுறையின் கைக்கு அது எப்போது சென்றது? ஒரு தையலுக்கு ஒரு கூலி உண்டு என்று ஆனபிறகு சென்றது. ஆசையைக் கர்த்தர் கொடுத்தார். கூலியை மனிதர் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டாம் பாதியைத்தான் நம் சபை வசதியாக மறந்துவிடுகிறது. அதற்கு வருகிறேன்.

வேதத்திலும் பெண்களின் கை இப்படியே போற்றப்படுகிறது. யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் ஞான இருதயமுள்ள பெண்கள் இளநீல நூலும் இரத்தாம்பர நூலும் நூற்றுக் கொண்டுவந்தார்கள், ஆட்டுமயிரையும் திரித்தார்கள் என்று வாசிக்கிறோம். நூல் நூற்பதற்கு ஞானம் என்று பெயரிடுகிறார் பரிசுத்த ஆவியானவர். அதற்கு முன்னே 31-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யூதா கோத்திரத்துப் பெசலெயேலைப் பேர்சொல்லி அழைத்து, தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் தாமே மோசேயிடம் சொல்கிறார். வேதத்தில் ஒருவனைத் தம் ஆவியினால் நிரப்பினதாகத் தேவன் தம்முடைய வாயால் சொல்லும் முதல் இடம் இதுவே என்பதை நீங்களே புரட்டிப் பாருங்கள். அவன் தீர்க்கதரிசி அல்லன், ஆசாரியன் அல்லன். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்கிறவன், கல் இழைக்கிறவன், மரம் செதுக்குகிறவன். தாண் கோத்திரத்து அகோலியாப் அவனுக்குத் துணை. இவ்விருவருக்கும் பிறருக்குக் கற்பிக்கும் வரமும் தரப்பட்டது என்று பின்னால் கூட்டிச் சொல்லப்படுகிறது. செவிலியர் வேலை கர்த்தருடைய அழைப்பு, ஓவியம் உலகத்தின் இழுப்பு என்று பிரிக்கிறவர்கள் இந்த அதிகாரத்தை எங்கே ஒளித்துவைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மூப்பரிடம் பேசியபோது அவர் உடனே பொற்கன்றுக்குட்டியை நினைவூட்டினார். நல்ல கேள்வி, வேதத்தைக் கருத்தாய் வாசிக்கிறவர் கேட்கும் கேள்வி. அதே கைத்திறன்தானே விக்கிரகத்தையும் உண்டாக்கிற்று? ஆம். ஆனால் அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது? 32-ஆம் அதிகாரத்தில். பெசலெயேலின் அழைப்பு 31-இல். அவன் வேலையைத் தொடங்குவது 35-இல், 36-இல். இரண்டுக்கும் நடுவே பொற்கன்று நிற்கிறது. ஜனங்கள் பொன்னை உருக்கிப் பாவம் செய்தபிறகும், 'இனிப் பொற்கொல்லர் வேலையே வேண்டாம், வெறுங்கூடாரம் போதும்' என்று கர்த்தர் சொல்லவில்லை. அதே ஜனத்தின் பொன்னை வாங்கி அதே தொழிலாளியின் கையில் கொடுத்தார். கைத்திறன் கெட்ட வழியில் போகும் என்ற அச்சத்துக்குத் தேவன் கொடுத்த மறுமொழி அந்தக் கைக்கு வேலை கொடுப்பதாக இருந்தது.

சோம்பேறிகள் கலைக்குப் போகிறார்கள் என்பதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. ஒரு முழு நாள் ஒரே பூத்தையலின் முன் குனிந்திருந்து பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

உண்மையான தடை வேறொன்று; அதை மூப்பர் சொல்லவில்லை, அந்தத் தாய் சொன்னார். வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாங்க கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போயிப் போயி அவளைப் படிக்க வச்சோம் ஐயா. அவளும் அப்படிப் போகக்கூடாது." இதற்கு வசனம் காட்டி வாயடைப்பவன் போதகன் அல்லன். மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் சட்டி பானையோடு இரயில் ஏறின என்பதை அறிந்தவர்கள் நாம். சிமெண்டு தின்ற விரல்களை உடைய ஒரு தாய், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற ஒரு வேலையைத் தன் மகளுக்கு விரும்புவது விசுவாசக் குறைவாகாது. அவருடைய அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்குக் காரணம் யார் என்பதே என் கேள்வி.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை ஒன்றுண்டு: 'வேலை ஒன்று, கலை ஒன்று, ஓய்வு நேரத்தில் வரையட்டும்.' ஆபிரகாம் பண்டிதரை இதற்குச் சாட்சியாக அழைப்பார்கள். அவர் 1859-இல் பிறந்தவர்; தஞ்சையில் ஆசிரியராயிருந்து, சித்த மருத்துவத்தில் பொருள் ஈட்டி, அந்தப் பொருளைக்கொண்டு 1912 முதல் இசை மாநாடுகளைக் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். தமிழிசை ஆராய்ச்சிக்கு அடிகோலியவர்களுள் ஒருவர் நம் கிறிஸ்தவர் என்று பெருமைப்படுகிறோம், படவும் வேண்டும். ஆனால் கணக்கைக் கவனியுங்கள். ஒரு மனிதர் தன் மருந்து விற்ற பணத்தைத் தன் இசைக்குத் தானே கூலியாகக் கொடுத்துக்கொண்டார். அவருக்கு மருந்து இருந்தது, தோட்டம் இருந்தது. பாலக்கோட்டில் தக்காளிக்கூடை தூக்குகிறவர் மகனுக்கு என்ன இருக்கிறது? சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் அமைத்தபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கி, மீந்த நேரத்தில் படம் வரைந்தார்கள். உழைக்க அஞ்சாதவர்கள், ஆனால் தனித்தனியே அன்று, ஒன்றுகூடி அதைச் செய்தார்கள். ஓய்வு நேரம் என்று நாம் எளிதாகச் சொல்லும் நேரம் இரவுப்பணி முடிந்து வருகிறவனிடம் எங்கே மீந்திருக்கிறது?

அதை எனக்குக் கற்பித்தவன் நம் சபைப் பையன் ஒருவன். பெயர் சொல்லமாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பின்திரை வரைந்தது அவன்தான். பழைய வேட்டி இரண்டை இணைத்து, அதில் பெத்லகேமை வரைந்தான். பெத்லகேமின் குன்றுகள் தீர்த்தமலையின் சாயலில் இருந்தன. மேய்ப்பர்கள் கம்பளி போர்த்தி நம் ஊர் ஆடு மேய்ப்பவர்களாக நின்றார்கள். திரை விலகியபோது பின்வரிசைக் கிழவி ஒருத்தி 'ஆண்டவரே' என்று கூவியதை நீங்கள் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள். நாம் அவனுக்கு என்ன கொடுத்தோம்? ஒரு சால்வை. அதுவும் கடைசி நேரத்தில், சிறப்பு விருந்தினருக்கு வாங்கியதில் ஒன்று மிகுந்தது.

அடுத்த ஜூன் மாதம் அவனுடைய தாய் அவனை என்னிடம் கூட்டிவந்தார். ஓவியம் படிக்கவேண்டும் என்கிறான், என்ன செய்யட்டும் என்றார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 'முதலில் பாலிடெக்னிக், பிறகு பார்த்துக்கொள்ளலாம். கர்த்தர் கொடுத்த தாலந்து எங்கும் போய்விடாது' என்றேன். அவன் கீழ்ப்படிகிற பிள்ளை. படித்தான், ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, தாய்க்குப் பணம் அனுப்புகிறான். அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்த ஆண்டு விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஒரு திரை வேண்டியிருந்தது. அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். வந்தான். துணியின் முன் நெடுநேரம் உட்கார்ந்தான். கரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே, "கை வரலீங்க ஐயா" என்றான். பிறகு நாம் ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டோம்.

தாலந்து எங்கும் போய்விடாது என்று நான் சொன்னது பொய். மத்தேயு 25-இல் தாலந்தைப் புதைத்தவன் எஜமானிடம் சொன்ன காரணம் என்ன? பயந்தேன் என்பதுதான். எங்கள் இருவரில் பயந்தவன் அந்தப் பையன் அல்லன், நான். நிலத்தைத் தோண்ட மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தவன் நான்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நெகேமியா 13-ஆம் அதிகாரத்தில் பலரும் கவனியாமல் கடந்துபோகும் ஒரு செய்தி உண்டு. நெகேமியா சிலகாலம் எருசலேமில் இல்லை. திரும்பிவந்து பார்க்கிறார்: லேவியரையும் பாடகரையும் காணோம். விசாரித்தால், அவர்களுக்குரிய பங்கு கொடுக்கப்படாததினால் அவரவர் தங்கள் வயலுக்கு ஓடிப்போனார்கள் என்று தெரியவருகிறது. உடனே நெகேமியா என்ன செய்தார்? 'பாடகரே, உங்கள் விசுவாசம் எங்கே? ஊழியத்தைப் பணத்துக்காகவா செய்கிறீர்கள்?' என்று அவர்களைக் கடிந்துகொண்டாரா? இல்லை. அவர் வழக்காடியது தலைவர்களோடு. தேவாலயம் ஏன் கைவிடப்பட்டது என்று அவர்களைக் கேட்டார். பாடகரைத் திரும்ப வரவழைத்து அவரவர் நிலையில் நிறுத்தினார். தசமபாகம் பண்டசாலைக்கு வந்தது. பங்கு போட நம்பிக்கையான ஆட்களை நியமித்தார். அதற்கு முன் 11-ஆம் அதிகாரத்தில் பாடகருக்கு நாள்தோறும் இவ்வளவு என்று இராஜ கட்டளையே இருந்ததாகக் காண்கிறோம். 1 நாளாகமம் 9-இல், பாடகர் இரவும் பகலும் தங்கள் வேலையில் இருக்கவேண்டியிருந்ததால் மற்ற வேலையிலிருந்து நீங்கலாயிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. தாவீது ஏற்படுத்திய கீதவித்தைக்காரர் 288 பேர் என்று 25-ஆம் அதிகாரம் எண்ணிக் காட்டுகிறது. ஒருவரையும் அவர் 'ஓய்வு நேரத்தில் பாடு' என்று சொல்லவில்லை.

நம் சபையில் என்ன நடக்கிறது? இதை மற்றவர் எழுதுவதைவிட நானே எழுதுவது நல்லது. அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல்காரர் கேட்ட தொகையைக் கொடுக்கிறோம். ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம். அசனத்துக்குச் சமையற்காரர் கேட்டதில் குறைத்தால் குழம்பில் குறையும் என்று அஞ்சுகிறோம். கீபோர்டு வாசிக்கிற தம்பிக்கு மட்டும், 'கர்த்தருக்காக வாசிக்கிறாய்' என்று தோளைத் தட்டுகிறோம். அவன் பேருந்துச் செலவை யார் கொடுக்கிறார் என்று நம்மில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதே தம்பி நாளை இசையையே தொழிலாகக் கொள்கிறேன் என்றால், 'அதில் சோறு கிடைக்காது' என்று முதலில் எச்சரிக்கிறவர்களும் நாமே. சோறு போடாதவர்கள் சோறு கிடைக்காது என்று தீர்க்கதரிசனம் சொல்வது எளிது.

ஒவ்வொரு வாரமும் நாம் கீர்த்தனை பாடுகிறோம். அவற்றுள் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இயற்றியவை. 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர். சாதி பற்றி அவர் கொண்ட நிலையை நான் ஏற்கவில்லை. அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் பாட்டு எழுதுவதே தன் தொழில் என்று ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் வாழ முடிந்தது எப்படி? சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்த அவருக்கு, அதே சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த மன்னர் இரண்டாம் சரபோஜியின் ஆதரவு இருந்தது. கிறிஸ்துவை அறிக்கை செய்யாத ஒரு மன்னர் நம் கவிஞருக்குக் கைகொடுத்தார். இருநூறு ஆண்டுகளாக அந்தப் பாட்டை இலவசமாகப் பாடிக்கொண்டிருக்கும் நாம், இன்று பாட்டெழுத விரும்பும் பிள்ளையிடம் வேறு வேலை பார் என்கிறோம்.

ஆகவே நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். வருகிற கமிட்டிக் கூட்டத்தில் நம் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு புதிய வரியைச் சேர்க்கும்படி கேட்கப்போகிறேன்: ஆராதனையிலும் பண்டிகையிலும் நாடகத்திலும் வாசிக்கிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும் தைக்கிறவர்களுக்கும் உரிய கூலி. சால்வைக்கு ஆகும் செலவை நிறுத்தினாலே அதில் ஒரு பகுதி கிடைத்துவிடும். இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஃபிளெக்ஸ் வேண்டாம், துணித் திரை. கூலி முன்கூட்டியே பேசப்படும், வேலை தொடங்கும் நாளில் பாதி கொடுக்கப்படும். ஆலய மேடை விரிப்புக்குப் பூத்தையல் வேண்டுமானால் சிட்லிங்கிக்கு ஆள் அனுப்புவோம், பேரம் பேசாமல். இவற்றை மறுக்கிறவர்கள் கூட்டத்துக்கு வந்து மறுக்கலாம். மூப்பர் நிச்சயம் வருவார், நான் அவரை அறிவேன்.

அந்தப் பெற்றோருடைய வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மாலை போனேன். மகள் கல்லூரி விண்ணப்பத்தை எழுதிவைத்திருந்தாள், இன்னும் அனுப்பவில்லை. நான் அவர்களிடம் 'அனுப்புங்கள்' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. அது அவர்கள் மூவரும் முடிவுசெய்ய வேண்டியது. ஒருமுறை அவசரமாய்ச் சொன்ன வாய் இது. நான்கு ஆண்டு விடுதிச் செலவில் சபை எவ்வளவு ஏற்க முடியும் என்பதைக் கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, 'அவள் வரைந்தது ஒன்றை நீங்கள் பார்த்ததில்லையே' என்று சொல்லி, அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சுருளை எடுத்துவந்து விரித்தார். சிமெண்டுச் சட்டி சுமந்து ஏணியில் ஏறும் ஒரு பெண்ணின் முதுகு. முகம் இல்லை. எனக்கு யாரென்று தெரிந்தது.